குடிநோய் நீக்கமும் நாட்டு நோன்பும்

'குடி' என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. குடும்பமும் ஊர்மக்களும் குடி, மதுவுண்டலும் குடி. பின்னது முன்னதைக் கெடுக்கும் என்பது சிறாரும் அறிந்த பழமொழி. பின்னதால் கெட்ட ஒருவனை முன்னது மீட்க வல்லதோ, வல்லதாயின் எவ்வாறு, என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருளாகும். மதுவின் தீமையை விரித்துரைத்தல் நம் நோக்கமன்று. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தனர். பின்வந்த நீதிநூலாரும் அதனைப் பலபடக் கடிந்தனர். தீமை அறியாது குடிப்பார் இன்று எவருமிலர். அறிந்தும் விடமாட்டாமையே இந்நோயின் தன்மை.

நோயின் இயல்பு

குடியை ஒழுக்கக் கேடு என்று மட்டும் கருதிய காலம் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தார் 1956-இல் அதனை மருத்துவம் செய்தற்குரிய நோய் என அறிவித்தனர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப்பட்டியலிலும் மதுச்சார்பு இடம்பெற்றுள்ளது. நீரிழிவுடையானை 'நீ மனம் வைத்தால் சரியாகும்' என்று சொல்லி நாம் வாளா இருப்பதில்லை. குடிநோயுடையானுக்கோ அவ்வுரையே மருந்தாக வழங்கப்படுகிறது.

சட்டத்தால் இதனைத் தீர்க்க முயன்ற வரலாறும் நம் நாட்டிற்கு உண்டு. இராசாசியின் அமைச்சரவை 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று; 1948-இல் அது சென்னை மாகாணம் முழுமைக்கும் பரவியது; 1971-இல் தளர்ந்தது. பின்னர்க் கடைகள் மூடுவதும் திறப்பதுமாகச் சில காலம் கழிந்து, 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசு நிறுவனமாகிய டாஸ்மாக்கின் கையில் வந்தது. கடையை மூடுதல் புதிதாகக் குடிப்பாரைக் குறைக்கலாம். முன்னரே நோய்வாய்ப்பட்டானைக் குணப்படுத்துதல் வேறு பணி. அப்பணி எந்த ஆட்சியிலும், எச்சட்டத்தின் கீழும், செய்தே தீரவேண்டுவதாம்.

அப்பணி எவ்வளவு நடைபெறுகிறது? 2019-இல் வெளிவந்த நடுவணரசின் ஆய்வறிக்கை, மதுவால் இடருற்று உதவி வேண்டி நிற்போர் இந்நாட்டில் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் பேர் எனக் கணித்தது. மதுச்சார்பு உடையாருள் 38 பேருக்கு ஒருவரே எவ்வகையான மருத்துவமேனும் பெறுகின்றனர் என்றும் அது கூறிற்று. எஞ்சிய 37 பேரும் எங்கே? தொலைவும் செலவும் நாணமும் அவர்களைத் தடுக்கின்றன என்பர். அது மெய்யே. ஆயினும் அவர்கள் எங்குமே செல்லாதவர் அல்லர். மருத்துவமனைக்குச் செல்லாதவன் வேறோர் இடம் செல்கிறான். அவ்விடம் எது என்று அறிந்தால், மருத்துவம் அவனைச் சென்று சேரும் வழியும் புலப்படும். அதற்கு முன், இவ்வழியைக் கண்ட பழந்தமிழ்ப் புலவர் ஒருவரை நினைவுகூர்தல் தகும்.

சாதுவன் கற்பித்த பாடம்

மணிமேகலையை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். அந்நூலின் 'ஆதிரை பிச்சையிட்ட காதை'யில் சாதுவன் என்னும் வணிகனின் கதை வருகிறது. சிறந்த கற்புடைய ஆதிரையை மணந்த இவன், கணிகையொருத்தியின் வீட்டிலும் சூதாட்டத்திலும் பொருளனைத்தையும் தொலைத்தான். பொருள் தொலைந்தபின் கணிகை இவனைக் கைவிட்டாள். பின்னர்க் கப்பலேறி வாணிகம் செய்யச் சென்றபோது கலம் கவிழ்ந்தது. ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையிலே கரையேறினான். உறங்கிக் கிடந்தவனை உண்ணக் கருதி எழுப்பிய நாகர், அவன் தம் மொழியிலேயே பேசக் கேட்டு வியந்தனர். தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர்.

கள் காய்ச்சும் பானைகளும் புலால் நாற்றமும் சூழ்ந்த இருக்கையில் வீற்றிருந்தான் தலைவன். விருந்தினனுக்குக் கள்ளும் ஊனும் மகளும் தருக என்றான். சாதுவன் மறுத்தான். தலைவன் சினந்து, இவை இல்லாமல் வாழ்வில் என்ன பயன் என்று வினவினான். சாதுவன் அறம் உரைத்தான். அதனைக் கேட்ட தலைவன் கூறிய மறுமொழியே நாம் இங்குக் கருதத் தக்கது: கள்ளையும் ஊனையும் அறவே விட்டால் எம் உடம்பில் உயிர் தங்காது, எமக்கு இயன்ற அறத்தைச் சொல்க என்றான். சாதுவன் அவனை இகழவில்லை. நன்று சொன்னாய் என்று பாராட்டி, அவனால் மேற்கொள்ளத்தக்க நெறி ஈதெனக் காட்டினான். கலம் உடைந்து கரை சேர்வாரைக் கொல்லாது காத்தலும், மூத்துத் தாமே இறந்த விலங்கின் ஊன் அன்றிப் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமையுமே அந்நெறி.

இக்கதையில் குடிநோய் நீக்குவார்க்கு நான்கு பாடங்கள் உள. சாதுவன் அவர்கள் மொழியைக் கற்றிருந்தான். ஊர்த்தலைவன் வாயிலாகவே ஊரை அணுகினான். முழுமையும் கேளாது, முதலில் இயன்றதைக் கேட்டான். நான்காவது, அவனே வீழ்ந்து எழுந்தவன். இன்று உலகெங்கும் பரவியுள்ள 'ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் கூட்டுறவும் 1935-இல் அமெரிக்க நாட்டு ஆக்ரன் நகரில் குடிநோயுற்ற இருவரின் சந்திப்பில் பிறந்ததே. வீழ்ந்தவன் சொல்லுக்கு வீழ்ந்தவனிடம் தனி வலிமை உண்டு. இவற்றை மனத்திற்கொண்டு நம் மதுரைப் புறத்து ஊர்களை நோக்குவோம்.

நாட்டு நோன்பு

நம் பக்கத்து ஊர்களில் குடியை விட விரும்புவான் முதலில் நாடுவது தெய்வத்தின் முன் செய்யும் சத்தியத்தை. அழகர் கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமியின் சந்தனம் பூசிய கதவின் முன் பொய்யுரைக்க அஞ்சுவர். ஊர் வழக்குகளே அங்கு ஆணையிட்டுத் தீர்க்கப்பட்டதுண்டு. காவல் தெய்வத்தின் முன் 'இனித் தொடேன்' எனச் சொல்லிக் கையில் கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்து நடப்பாரும், இரமலான் நோன்பிருப்பாரும், லெந்து நாட்களில் விரதங் காப்பாரும் அக்காலத்து மதுவை விலக்குகின்றனர்.

இவற்றுள் மிகப் பரந்தது கார்த்திகையில் சபரிமலைக்கு மாலையணிதல். நாள்தோறும் குடித்தவன் ஒருவன் கார்த்திகை முதல் நாள் துளசிமணி மாலையை அணிகிறான். 41 நாள் மதுவைத் தொடுவதில்லை. எவ்வாறு இயன்றது? அருளால் என்பர் அடியார். அந்நம்பிக்கையுள் நாம் புகவேண்டுவதில்லை. அருள் எவ்வழியே தொழிற்படுகிறது என்பதை மட்டும் ஆராய்வோம்.

முதலாவது, காலவரை. வாழ்நாள் முழுதும் விடுக என்றால் மலைப்பவன் ஒரு மண்டலம் என்றால் துணிகிறான். இரண்டாவது, கோலம். கறுப்போ நீலமோ காவியோ உடுத்து மாலையணிந்தவனைக் கண்டால் பழைய தோழர் கடைக்கு அழைப்பதில்லை. தானே மறுத்துரைக்க வேண்டிய இடர் அவனுக்கு நீங்குகிறது. மூன்றாவது, பெயர். நேற்று வரை 'குடிகாரன்' எனப்பட்டவனை மனைவியும் மக்களும் பேருந்து நடத்துநரும் 'சாமி' என்றே அழைக்கின்றனர். தன்னைப் பிறர் எவ்வாறு அழைக்கின்றனரோ அவ்வாறே ஆக மனிதன் முயல்வான். நான்காவது, நாள் ஒழுங்கு. விடியலில் நீராடலும், மாலையில் பசனையும், பாயில் உறக்கமும், முன்னர்க் குடிக்கு உரியவாய் இருந்த பொழுதுகளை நிரப்புகின்றன. ஐந்தாவது, குருசாமி. பலமுறை மலை சென்று வந்த அவர் வழிகாட்டியுமாவர், கண்காணிப்பவருமாவர்.

இன்றைய குடிநோய் மருத்துவர் அறிவுறுத்துவன யாவை? அணுகத்தக்க சிறு குறிக்கோள், தூண்டும் இடங்களையும் தோழரையும் தவிர்த்தல், தன்மதிப்பை மீட்டல், வெறும்பொழுதை நிரப்பல், குழுவும் வழிகாட்டியும். ஐந்தும் முன்னரே நம் ஊரில் உள்ளன! ஆண்டுதோறும், எவரும் சம்பளம் பெறாமலே, அவை நடைபெறுகின்றன. மருத்துவம் இதனைக் கண்டு முகம் சுளிக்குமாயின் இழப்பு மருத்துவத்திற்கே.

நோன்பின் குறைகள்

எனினும் நம் வழக்கம் என்பதனாலேயே குறையற்றதெனக் கூறுதல் ஆராய்ச்சியாகாது. குறைகளுள் முதன்மையானது உயிரைப் பற்றியது. பல்லாண்டு மிகுதியாகக் குடித்த உடல் மதுவுக்குப் பழகிவிடுகிறது. அதனைத் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றும். சிலருக்கு ஓரிரு நாளில் வலிப்பு வரும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்களைக் கண்டு அலறுவாரும் உளர். மருத்துவம் இன்றேல் இந்நிலையில் உயிர் போதலும் உண்டு. கயிறு கட்டிய மூன்றாம் நாள் ஒருவன் இவ்வாறு அலறினால் வீட்டார் என் நினைப்பர்? பேய் என்பர், தெய்வக் குற்றம் என்பர். நடுக்கம் தணியச் சிறிது சாராயம் கொடுத்துச் சத்தியத்தையே முறிப்பாரும் உண்டு. தக்க மருந்தை அளவறிந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தலும், தயாமின் என்னும் பி-1 உயிர்ச்சத்தை ஊட்டுதலும், அந்தச் சில நாட்களை இடரின்றிக் கடத்தும். தெய்வத்தின் முன் செல்லும் முன்னரோ, சென்ற அன்றோ, மருத்துவர் முன்னும் செல்லுதல் வேண்டும் என்பதனை ஊரார் அறியின் எத்தனையோ உயிர்கள் பிழைக்கும்.

இரண்டாவது குறை 42-ஆம் நாள். மாலை கழற்றியபின் உடையும் பெயரும் ஒழுங்கும் குழுவும் ஒருங்கே நீங்குகின்றன. மலையிலிருந்து திரும்பிய வாரத்திலேயே கடை வாயிலில் நிற்பாரைக் காண்கிறோம். நம் கிறிஸ்தவ ஊர்களிலும் உயிர்த்தெழுந்த திருநாளன்றே நோன்பு குடியில் முடிதல் அரிதன்று. நாற்பது நாள் விட இயன்றவனுக்கு விடும் ஆற்றல் உண்டென்பது மெய்ப்பிக்கப்பட்டது; அதனை ஏந்திக்கொள்ள அடுத்த நாள் எவருமிலர்.

மூன்றாவது, சத்தியம் முறிந்தால் நேரும் அச்சம். மருத்துவரோ, மீண்டும் வீழ்தல் இந்நோயில் இயல்பு என்றும், மீண்டும் வருக என்றும் கூறுவர். தெய்வத்தின் முன் சொன்ன சொல் தவறியவன் நாணி ஒளிகிறான். இனி நமக்கு மீட்சியில்லை என முன்னினும் மிகுதியாகக் குடிக்கிறான். நான்காவது, நம் வழக்கிற்கு இருகை உண்டு. கயிறு கட்டும் அதே காவல் தெய்வத்திற்குச் சாராயமும் சுருட்டும் படைப்பதும் வழக்கமே. கிடாவெட்டு விருந்திலும் இழவு வீட்டிலும் மது ஊற்றப்படுகிறது. வழக்கமனைத்தையும் தழுவுதல் கூடாது. காப்பதைக் கொண்டு கெடுப்பதைத் தள்ளுதல் வேண்டும்.

இங்கு வேறொன்றையும் கூறல் கடன். 'குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என விளம்பரம் செய்து விற்கப்படும் பொடிகளை நம்பி, வருந்திய மனைவியரும் தாய்மாரும் உணவிற் கலந்து கொடுக்கின்றனர். மதுவோடு சேர்ந்தால் உடலை வருத்தும் டைசல்பிராம் என்னும் மருந்து உண்டு. அது நோயாளன் அறிந்து இசைய, மருத்துவர் மேற்பார்வையில் தரத்தக்கது. அறியாமற் கொடுத்து, அவன் அறியாமற் குடித்தால், உயிருக்கே இறுதி நேரலாம். நோன்பின் சிறப்பு அதனை ஏற்பவன் தானே ஏற்றல் அன்றோ? ஏமாற்றிச் செய்யும் மருத்துவத்தில் அச்சிறப்பு இல்லை.

மஞ்சக்குடியில் ஒரு முயற்சி

மருத்துவமும் ஊர்வழக்கும் கைகோக்க இயலுமோ? இயலும் என்பதற்குக் காவிரி நாட்டிலேயே சான்றுண்டு. தம் கணவரை இந்நோய்க்குப் பறிகொடுத்த சாந்தி இரங்கநாதன் அவர்கள் 1980-இல் சென்னையில் டி.டி. இரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினர். நகர மருத்துவமனைக்குச் சிற்றூரார் வருதல் அரிது. கூலியை இழந்து, ஊரை விட்டு, அறியாதார் நடுவே பல நாள் தங்க எவன் துணிவான்? ஆதலின் 1989-இல் இந்நிறுவனத்தார் மருத்துவத்தையே ஊருக்குக் கொண்டு சென்றனர். அன்று தஞ்சை மாவட்டத்திலும் இன்று திருவாரூர் மாவட்டத்திலும் உள்ள மஞ்சக்குடியில் 15 நாள் முகாம் அமைத்தனர்.

அம்முகாமின் அமைப்பை நோக்கின் சாதுவன் நெறியே புலப்படும். உள்ளூர் அமைப்பொன்று விருந்தோம்பி முன்நின்றது. ஊர்ப்பெரியோர் குடிநோயரைத் தேற்றி அழைத்து வந்தனர். அதனால் வருதல் இழிவாகாது, ஊரறிந்த நற்செயலாயிற்று. முதலில் உடல்நிலை நோக்கி மருந்தளித்தனர். பின்னர் எளிய தமிழில், வயலும் மாடும் கடனும் அறிந்த உவமைகளால் நோயின் இயல்பை விளக்கினர். குடும்பத்தாருக்கும் தனியே அறிவு புகட்டினர். முகாம் கலைந்தபின் தொடர்ந்து சென்று கண்டனர். இதுவே மாலை கழற்றியவனுக்கு நம் ஊர் தரத் தவறிய உதவி. சாந்தி இரங்கநாதன் அவர்கள் 1992-இல் பத்மஸ்ரீ விருதும், 1999-இல் ஐக்கிய நாடுகள் வழங்கும் வியன்னா குடிமைச் சமூக விருதும் பெற்றனர். விருதினும் பெரிது, சிற்றூரானும் தன் ஊரிலேயே குணமடையலாம் என மெய்ப்பித்தமை.

பிறநாட்டுப் பழங்குடிகள்

இவ்வுண்மையைப் பிறநாட்டுத் தொல்குடியினரும் தம் துன்பத்தால் கண்டறிந்தனர். ஐரோப்பிய வணிகர் கொணர்ந்த மதுவால் வட அமெரிக்கப் பழங்குடிகள் பெரிதும் அழிந்தனர். செனிக்கா குடியினருள் ஹேண்ட்சம் லேக் என்பார், தாமே குடியால் நலிந்து சாகும் நிலையுற்று எழுந்து, 1799 முதல் மதுவை விடுமாறு தம் முன்னோர் நெறியை ஒட்டியே போதித்தனர். அப்போதனை இன்றளவும் அவர்தம் நெடுமனைகளில் ஓதப்படுகிறது.

அண்மைக் காலத்தது கனடாவின் ஆல்கலி லேக் ஊரின் வரலாறு. ஊர் முழுதும் குடியில் மூழ்கியிருந்த காலத்தில், 1972-இல், பில்லிஸ் செல்சி என்னும் பெண்மணி முதலில் குடியை விட்டனர். தம் சிறுமகள் வீடு திரும்ப மறுத்ததே அதற்குக் காரணம். அடுத்து அவர் கணவர் ஆண்டி செல்சி விட்டனர். பின்னர் ஊர்த்தலைவராகி, மருத்துவத்திற்குச் செல்வாரின் வீட்டையும் மக்களையும் ஊரே பேணுமாறு செய்தனர். மறந்துபோன வியர்வைக் குடில் சடங்கும் முரசொலிக் கூத்தும் மீண்டன. 1985 அளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைவர் மதுவை விட்டிருந்தனர் என்பர். இழந்த பண்பாட்டை மீட்டலும் இழந்த மனிதனை மீட்டலும் அங்கே ஒரே பணியாயின.

நாம் செய்யத்தக்கன

நாம் கிறிஸ்தவக் கல்லூரியில் பயில்வோர். கருப்பணசாமியின் கதவையும் சபரிமலை மாலையையும் பாராட்டுதல் நமக்குத் தகுமோ எனச் சிலர் வினவலாம். பவுல் அப்போஸ்தலர் அத்தேனே நகரத்தாரிடம் பேசுகையில் அவர்தம் பலிபீடத்தையே தொடக்கமாகக் கொண்டனர். 1606-இல் இம்மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, இந்நாட்டுத் துறவியர் கோலம் பூண்டு, தமிழும் வடமொழியும் பயின்றே பேசத் தொடங்கினர். மூழ்குவானுக்குக் கை கொடுக்கையில் அவன் பற்றியுள்ள கட்டையைப் பிடுங்குதல் அன்பாகாது. அவனோடு அக்கட்டையையும் கரைக்கு இழுத்தலே முறை.

ஆதலின் மாணவராகிய நம்மால் இயல்வன சில உள. குடிகாரன் என்னும் சொல்லை விடுத்துக் குடிநோயர் என வழங்குவோம். பெயர் செய்யும் வேலையை மேலே கண்டோம். சத்தியம் செய்ய விரும்புவானைத் தடுக்காது, முதல் வாரத்தில் மருத்துவரையும் காணுமாறு வேண்டுவோம். மதுரையில் இராசாசியின் பெயரையே தாங்கிய அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு உண்டு. நடுவணரசின் 14446 என்னும் தொலைபேசி எண்ணிலும் கட்டணமின்றி அறிவுரை பெறலாம். சொல் தவறியவனை இகழாது மீண்டும் அழைப்போம். கோயிற்பெரியோரும் குருசாமிமாரும் ஆயர்களும் இமாம்களும் மருத்துவரோடு அமர்ந்து பேச இடமொன்று வேண்டுமாயின், நம் கல்லூரி மண்டபத்தினும் தகுந்தது யாது? நோன்பு முடிந்த மறுநாள் தொடங்கி வாரந்தோறும் கூடும் சிறு குழு ஒவ்வோர் ஊரிலும் அமையுமாயின், 41 நாள் ஓராண்டாகும், ஓராண்டு வாழ்நாளாகும்.

இயன்ற அறத்தைச் சொல்லுக என்று நாகர் தலைவன் கேட்டான். நம் ஊரான் ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகையில் மாலையணியும்போது அதனையே கேட்கின்றான். அவனுக்கு மறுமொழி கூறுதல் கற்றோர் கடன்.